மூன்று பவுண்டு டிரிகர் என்று பெருமையாகத் தருவார்கள்; பணம் கட்டுமுன் கவுன்ட்டரிலேயே சோதியுங்கள்

1911 என்கிற பழைய ராணுவ மாடல் பிஸ்டலைப் பழுது, மாற்ற வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். அமெரிக்காவில் ஒரு கன்ஸ்மித்திடமிருந்து (துப்பாக்கி மெக்கானிக்) திரும்பி வந்த துப்பாக்கி பற்றியது. கடைப் பெயர் வேண்டாம். இதே வேலையை இதே லட்சணத்தில் செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன.

கேட்ட வேலையில் அலங்காரம் எதுவும் இல்லை. 5 அங்குல பேரல், .45 ஏசிபி, கம்பெனி அமைப்பிலேயே இருந்த துப்பாக்கி. டிரிகரை 4 பவுண்டு அழுத்தத்தில் விழுகிற மாதிரி கொண்டுவரணும், பீவர்டெயில் கிரிப் சேஃப்டி (கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால்தான் சுட விடும், வால் நீண்ட பூட்டு) போடணும், ஹாலோ பாயின்ட் தோட்டா (மூக்கில் குழி உள்ளது) சிக்காமல் ஏறணும், சுட்ட கூட்டை இழுத்து எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை மாற்றணும். அவ்வளவுதான். ஆறு வாரம் என்று சொல்லி நான்கு மாதம் இழுத்தார்கள். வந்தபோது "மூணு பவுண்டுக்கே இறக்கிட்டோம்" என்று கூடுதல் சலுகை மாதிரி சொன்னார்கள். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பழைய ராணுவ 1911-இல் டிரிகர் 5 பவுண்டுக்குக் குறையாது. இடுப்பில் வைக்கிற துப்பாக்கிக்கு 4 பவுண்டே போதும்.

முதல் மேகசினிலேயே ஸ்லைடு (மேலே முன்பின் ஓடும் பாகம்) மூடும்போது, பின்னால் ஏறி நிற்க வேண்டிய ஹேமரும் (சுத்தியல்) கூடவே சரிந்து ஹாஃப் காக்கில், அதாவது பாதி வழியில் பிடிக்கும் பள்ளத்தில், நின்றது. இதற்கு 'ஹேமர் ஃபாலோ' என்று பெயர். ஹாஃப் காக் பிடித்ததால் தப்பித்தது. சியர் (ஏறிய ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்) முனை இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அதுவும் பிடிக்காது. ஒரு அழுத்தலுக்கு இரண்டு மூன்று தோட்டா சேர்ந்து போய்விடலாம்.

பிரித்துப் பார்த்ததில் கதை தெரிந்தது. ஹேமரின் இரண்டு கொக்கிகளும் சம உயரத்தில், சதுர விளிம்போடு இருக்க வேண்டும். நல்ல டிரிகர் வேலையில் அவற்றை 0.020 அங்குலம் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சியர் முனையை ஜிக்கில் (பாகத்தை அசையாமல் பிடிக்கும் சட்டம்) பிடித்து, கோணம் மாறாமல் கல்லில் தேய்ப்பார்கள். இங்கே கையில் பிடித்தே தேய்த்திருக்கிறார்கள். சியர் முனையில் கறுப்பு மார்க்கர் பூசி, மாட்டி, பத்து முறை இயக்கிக் கழற்றி லென்ஸில் பார்த்தால், ஒரு பக்கம் மை அழிந்து பளபளக்கிறது, மறுபக்கம் பூசிய மை அப்படியே இருக்கிறது. அதாவது முழு பாரமும் ஒரே கொக்கியில்தான். மேல்தோல் மட்டும் கடினப்படுத்திய பாகத்தில் இப்படித் தேய்த்தால் உள்ளே இருக்கும் மெத்தென்ற இரும்பு வெளியே வந்துவிடும். இன்றைக்கு 3 பவுண்டு காட்டுவது 500 ரவுண்டு கழித்து என்ன காட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அது போதாதென்று சியர் ஸ்பிரிங்கின் இடது இதழைப் பின்னால் வளைத்திருந்தார்கள். மூன்று இதழில் இடதுதான் சியரைக் கொக்கிக்குள் அழுத்துகிறது. நடு இதழ் டிஸ்கனெக்டரையும் (ஸ்லைடு முழுதாக மூடாதபோது டிரிகரைத் துண்டிக்கும் பாகம்) டிரிகரையும், வலது இதழ் கிரிப் சேஃப்டியையும் தள்ளும். இடதைத் தளர்த்தினால் அளக்கும் கேஜில் டிரிகர் எடை அழகாகக் குறையும். ஆனால் ஸ்லைடு மூடும் அதிர்ச்சியில் சியர் நழுவும். காசு செலவில்லாமல் எடை குறைக்கும் குறுக்கு வழி இது. இதற்கு டிரிகர் வேலை என்று பில் போட்டது தனி வயிற்றெரிச்சல். ஒழுங்கான கடை என்றால் ஜோடி சேர்த்து வரும் ஹேமர்–சியர் செட், புது ஸ்பிரிங் என்று போட்டு முடித்திருக்கும்.

மன்னிக்க முடியாதது ஃபீட் ராம்ப், அதாவது மேகசினிலிருந்து தோட்டா பேரலுக்குள் ஏறும் சரிவு. ஃபிரேமில் (துப்பாக்கியின் உடல்) உள்ள சரிவுக்கும் பேரலின் கீழ் உதட்டுக்கும் நடுவில் 1/32 அங்குலம், அதாவது 0.8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பேரல் பின்னால் கீழே இறங்கி நிற்கும்போது அளக்க வேண்டிய இடைவெளி அது. டிரெமல் (கையில் பிடிக்கும் சிறு கிரைண்டர்) சக்கரத்தை ஓட்டி இரண்டையும் ஒரே வழவழப்பாக இணைத்துவிட்டார்கள். பார்க்க கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் தோட்டா மூக்கு பேரல் உதட்டில் முட்டி, பேரலை முன்னால் தள்ளி, பாதி ஏறிய நிலையில் சிக்கிக்கொள்ளும். பேரல் பக்கத்தில் அதிகமாக வெட்டியதால் தோட்டாக் கூட்டின் அடிப்பகுதிக்குத் தாங்கலும் போயிற்று. சுட்ட கூட்டை எடுத்து அடிவிளிம்புக்குச் சற்று மேலே, ஆறு மணி திசையில் விரலால் தடவிப் பாருங்கள். புடைப்பு தட்டுப்பட்டால் அந்தப் பேரலில் இனி ஒரு தோட்டாவும் வேண்டாம். உண்மையில் அந்த ஃபிரேமைத் தொடவே தேவையில்லை. 230 கிரெய்ன் உருண்டை மூக்குத் தோட்டாவுக்காக வடிவமைத்த துப்பாக்கி இது. ஹாலோ பாயின்ட் தகராறு செய்தால் முதலில் மேகசின், அடுத்து எக்ஸ்ட்ராக்டர், அதற்கப்புறம்தான் பேரல் உதடு. ஃபிரேமில் கை வைப்பது கடைசி.

எக்ஸ்ட்ராக்டருக்குப் புது பாகம் என்று பில்லில் இருந்தது. உள்ளே இருந்தது பழையதே. பைக் மெக்கானிக்கிடம் சொல்வதைப் போல, கழற்றிய பழைய பாகங்களைக் கவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள். 1983-க்குப் பின் வந்த, கோல்ட் கம்பெனியின் சீரிஸ் 80 மாடல் 1911 என்றால் இன்னொன்றும் பாருங்கள். டிரிகர் வழுக்கலாக இருக்கட்டும் என்று ஃபயரிங் பின் பிளாக் (தோட்டாவைக் குத்தும் ஊசியை மறித்து வைப்பது) பாகங்களை எடுத்துவிட்டு, ஃபிரேமில் ஒரு தகட்டைச் செருகித் தருபவர்கள் உண்டு. கீழே விழுந்தால் வெடிக்காமல் இருக்கத்தான் அந்தப் பாகங்கள்.

கவுன்ட்டரில் செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதி செய்யுங்கள். ஹேமரை ஏற்றி, தம்ப் சேஃப்டியை (கட்டைவிரலால் போடும் பூட்டு) போட்டு டிரிகரைப் பலமாக அழுத்தி விடுங்கள். சேஃப்டியை எடுக்கும்போது ஹேமர் விழக்கூடாது. பிறகு துப்பாக்கியைக் காதருகே வைத்து ஹேமரை விரலால் லேசாகப் பின்னுக்கு இழுங்கள். 'டிக்' என்று கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது. அடுத்து கிரிப் சேஃப்டி அழுந்தாதபடி பிடித்து டிரிகரை அழுத்துங்கள். இந்தத் துப்பாக்கி அங்கேயே தோற்றது. பீவர்டெயில் பார்க்க நன்றாகப் பொருந்தியிருந்தது, டிரிகரை மறிக்க வேண்டிய கையை மட்டும் அதிகமாக ராவிவிட்டார்கள். ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னே இழுத்து டிரிகரை அழுத்தினாலும் ஹேமர் விழக்கூடாது. டிரிகரை விடாமலே ஸ்லைடை முன்னே விட்டாலும் விழக்கூடாது. விட்டு மறுபடி அழுத்தினால்தான் விழ வேண்டும். கடைசியாக, ஏற்றிய ஹேமரைக் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளுங்கள், நழுவக் கூடாது.

காலி அறையில் ஸ்லைடைப் படாரென்று விட வேண்டாம், சியர் முனை அடிபடும். ஹேமர் ஃபாலோ பார்க்க டம்மி தோட்டாக்களை மேகசினில் போட்டு ஏற்றுங்கள். ரேஞ்சில் முதல் சில முறை மேகசினில் இரண்டே தோட்டா. துப்பாக்கி தானாகத் தொடர்ந்து சுட்டாலும் இரண்டோடு நிற்கும்.

முன்பணம் முழுதாகக் கட்டாதீர்கள். கிரெடிட் கார்டு பில்லில் தகராறு எழுப்ப, முதல் ஸ்டேட்மென்ட் வந்ததிலிருந்து 60 நாள்தான். நான்கு மாதம் இழுக்கிற கடையில் அது எப்போதோ முடிந்துபோகும். வேலை ஒவ்வொன்றையும் சீரியல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். ஃபெடரல் லைசென்ஸ் உள்ள கடை, ராத்திரி தங்கும் துப்பாக்கியைத் தன் பதிவேட்டில் ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றாமல் வாங்கி வைக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

ஹேமர், சியர், ஸ்பிரிங், கிரிப் சேஃப்டி எல்லாம் மாற்றினால் தீரும். ஃபிரேமில் போன இரும்பு திரும்பாது. மில்லிங் மெஷினில் வெட்டி ராம்ப் இன்செர்ட் (சரிவுக்கான செருகு துண்டு) வைக்க வேண்டும், இல்லையென்றால் ராம்ப் சேர்ந்தே வரும் பேரலுக்கு ஃபிரேமை வெட்ட வேண்டும். எப்படியும் பேரல் புதுசு.