விராவில் 4 வருடம்: பூஸ்ட் கன்ட்ரோலரோடு என் அனுபவம்

என் புரோட்டான் விரா காரில் ஓடுவது மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ இன்ஜின், ஹாஃப்-கட்டில் (பழைய காரின் வெட்டியெடுத்த முன்பாதி) வாங்கி இறக்கியது. டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். அதை எவ்வளவு ஏற்றலாம் என்று அமைப்பது பூஸ்ட் கன்ட்ரோலர். முதலில் கையால் திருகும் வகைதான் போட்டிருந்தேன். உள்ளே ஒரு குண்டும் ஒரு ஸ்பிரிங்கும், அவ்வளவுதான். மூன்றாவது கியரில் 0.9 பாரில் நிற்கும் முள், காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் நாலாவது போட்டதும் 1 பாரைத் தாண்டிவிடும். அந்த பயத்தோடு ஓட்டப் பிடிக்கவில்லை.

எலெக்ட்ரானிக்கில் எச்கேஎஸ் ஈவிசி, டர்போஸ்மார்ட் ஈ-பூஸ்ட்2, கிரெட்டி புரோஃபெக் மூன்றையும் பார்த்தேன். ஈ-பூஸ்ட்2-இல் ஆறு அளவுகள் வரை பதிந்து வைக்கலாம். எனக்கு வேலைக்குப் போக ஒன்று, மலையேற ஒன்று, இரண்டே போதும். புரோஃபெக் வாங்கினேன்.

பட்டறை ஃபோர்மேன் ஒரு நிபந்தனை போட்டார்: "தம்பி, முதல்ல ஏஎஃப்ஆர் மீட்டர மாட்டு. அப்புறம் பூஸ்ட்ட தொடலாம்." காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டுவது அந்த மீட்டர். காற்று கூடும்போது பெட்ரோல் ஈடுகொடுக்கிறதா என்று தெரியாமல் பூஸ்ட்டை ஏற்றினால் பிஸ்டன்தான் போகும். அவர் சொன்னபடியே செய்தேன்.

கன்ட்ரோலரை ஆஃப் செய்து ஓட்டியபோது 0.6 பார் காட்டியது. அது வேஸ்ட்கேட்டின், அதாவது புகையை டர்போவுக்குள் விடாமல் திருப்பி அனுப்பும் கதவின், ஸ்பிரிங் அளவு. எந்தக் கன்ட்ரோலரும் அதற்குக் கீழே இறக்காது. அந்தக் கதவைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றை சோலனாய்டால் (மின்சார வால்வு) மட்டுப்படுத்தி, வேஸ்ட்கேட் திறப்பதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. கன்ட்ரோலர் எந்த அழுத்தத்தில் கட்டுப்படுத்தத் தொடங்க வேண்டும் என்ற ஸ்டார்ட் பூஸ்ட் அமைப்பில்தான் நேரம் போனது. அதை இலக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் முள் எகிறிவிட்டுத் திரும்புகிறது. தள்ளி வைத்தால் டர்போ எழவே சோம்பல்படுகிறது. மூன்று சாயங்காலம் ஆனது. அதற்குப் பிறகு 0.9 என்றால் 0.9தான், எந்த கியரிலும்.

மூன்றாவது வருடம் அதே ஏற்றத்தில் திடீரென்று அலாரம் கத்தியது. 1.05-க்கு எச்சரிக்கை வைத்திருந்தேன். நான் காலை எடுப்பதற்குள் 1.2 தொட்டுவிட்டது. ஓரங்கட்டி போனட்டைத் திறந்தால், ஆக்சுவேட்டர் முனையில் ரப்பர் ஹோஸ் வெந்து பிளந்திருந்தது. டர்போ சூட்டுக்குப் பக்கத்தில் ரப்பரை விட்டது என் தவறு. இந்த நிலைமையில், அளவு மீறினால் பூஸ்ட்டை இறக்கும் லிமிட்டர் இருந்தும் பயனில்லை. சோலனாய்டு என்ன செய்தாலும் காற்று ஆக்சுவேட்டரைப் போய்ச் சேராது, வேஸ்ட்கேட்டும் திறக்காது. காப்பாற்றியது அந்தச் சத்தம்தான். அதனால் வாங்கும்போது உச்ச அளவைப் பார்க்காதீர்கள், அலாரம் உங்கள் காதுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சிலிகான் ஹோஸும் கிளிப்பும் போட்டிருக்கிறேன். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஹோஸை விரலால் வளைத்துப் பார்ப்பேன். வெடிப்புக் கோடு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவேன்.