டில்டிங் கிரைண்டர்: முப்பது நிமிட மாவும் அதன் முன்னும் பின்னும்

இட்லி மாவு ஆட்டுவதற்காக இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்றை வாங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார், நான் என்று ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அது வாரம் இருமுறையாவது ஓடுகிறது. ஆட்டுகிற வேலையை அது செம்மையாகச் செய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது நிமிடத்தில் மாவு தயார் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்களே, அந்த உறுதிமொழியைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மிக்சியில் உளுந்து அரைத்தால் பிளேடின் வேகத்தில் மாவு சூடேறிவிடும். உளுந்தும் அவ்வளவாகக் காணாது. இந்தக் கிரைண்டரில் கல் நிதானமாக உருளுவதால், தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டும்போது ஒரு டம்ளர் உளுந்து பொங்கிப் பொங்கி டிரம்மின் பாதிக்கு மேல் ஏறி நிற்கிறது. ஒரு துளி மாவைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. ஆட்டுக்கல்லில் குழவியை நம் கைதான் சுற்ற வேண்டும். இதிலோ குழவிகள் இருந்த இடத்திலேயே உருள, அடிக்கல்லோடு பாத்திரம் சுற்றுகிறது. கோவைப் பட்டறைகளில் உருவாகிப் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்ற இந்த இயந்திரம், தமிழ்நாட்டுப் பெண்களின் தோள்பட்டைக்குச் செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. 2011இல் அரசு மிக்சி, மின்விசிறியோடு கிரைண்டரையும் விலையில்லாமல் வழங்கியபோது அதை வெறும் இலவசம் என்று கேலி பேசியவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் மாவாட்டியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இதில் டைமர் இருக்கிறது. அரைமணி நேரம் வைத்தால் தானாக நின்றுவிடும், அதுவரை நீங்கள் வேறு வேலை பார்க்கலாம் என்று கடையில் சொன்னார்கள். அரிசிக்கு அது ஓரளவு பொருந்துகிறது. உளுந்துக்குப் பொருந்தாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓரத்தில் ஏறிய மாவை வழித்துவிட வேண்டும், விரலால் தொட்டுப் பதம் பார்க்க வேண்டும். ஆகவே அந்த அரைமணி நேரத்தில் செய்யும் 'வேறு வேலை'யும் அடுப்படிக்குள்ளேயே முடிகிற வேலையாகத்தான் அமைகிறது.

இனி, டைமரின் கணக்கில் வராதவை. குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் மாவு நாளை இரவுக்குப் போதாது என்பதை இன்றே கவனித்து, இட்லி அரிசி தீர்ந்திருந்தால் வாங்கி வரச் சொல்லி, காலையில் பிள்ளைகளின் டிபன் டப்பாவை மூடுவதற்கும் பள்ளி வேன் வருவதற்கும் இடையில் நான்குக்கு ஒன்று என்று அளந்து, களைந்து, வெந்தயத்தோடு ஊறப்போட்டு, மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்து, மாலையில் ஆட்டி முடித்துக் கல் உப்புப் போட்டுக் கையால் கலந்து, பொங்கி வழியாத அளவுக்குப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி வைத்து, மார்கழிக் குளிரென்றால் அடுப்புப் பக்கமாக நகர்த்தி, விடிந்ததும் புளித்துப் போவதற்குள் உள்ளே எடுத்து வைப்பது வரை ஒருவருடைய தலைக்குள் ஒரு அட்டவணை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அரிசி ஊறப்போட வேண்டுமே என்று வேறொரு வேலைக்கு நடுவில் நினைத்துக்கொள்வதை எந்தக் கணக்கெடுப்பாளரும் நிமிடமாக எழுத முடியாது.

கழுவுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாடலில் கற்களைப் பிடித்திருக்கும் தண்டின் திருகை ஈரக் கையால் கழற்றுவது சிரமம். கற்களின் உட்புறத் துளையிலும், மாவு வழிக்கும் பிளாஸ்டிக் தகட்டின் பின்புற மடிப்பிலும் மாவு போய் ஒட்டிக்கொள்கிறது; ஒருமணி நேரம் விட்டுவிட்டால் காய்ந்து இறுகி, பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்தால்தான் வருகிறது. மோட்டார் இருக்கும் அடிப்பாகத்தில் தண்ணீர் படக்கூடாது என்பதால் அதை ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். வழிப்பது, கழற்றுவது, கழுவுவது, கவிழ்த்து உலர்த்துவது, திரும்பப் பூட்டுவது எல்லாம் சேர்ந்தால், ஆட்டிய நேரத்தில் ஏறத்தாழ பாதி இதற்கே போகிறது. இந்தத் தகட்டை இன்னும் எளிய வடிவில் செய்திருக்கலாம். வடிவமைத்தவர் ஒரு வாரம் அதைத் தாமே கழுவிப் பார்த்திருந்தால் செய்திருப்பார்.

டில்டிங் வசதி உண்மையிலேயே நல்லது. டிரம்மைத் தூக்காமல் சாய்த்து மாவை ஊற்ற முடிவதால் இடுப்பு தப்புகிறது. சத்தம் பொறுக்கக்கூடியதுதான். கூடவே தந்த தேங்காய்த் துருவியும் சப்பாத்தி மாவு பிசையும் கருவியும் பரணில் இருக்கின்றன. அவற்றைப் பூட்டிக் கழற்றிக் கழுவும் நேரத்தில் கையாலேயே வேலையை முடித்துவிடலாம்.

செய்முறை விளக்கம் தர வந்த பணியாளர், உத்தரவாத அட்டையை என் கணவரின் பெயரில் எழுதி அவரிடம் கொடுத்தார். கழுவும் முறையை என் பக்கம் திரும்பிச் சொன்னார். வாங்குபவர்களுக்கு என் யோசனை இதுதான்: எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அவரை வரச் சொல்லுங்கள், கற்களைக் கழற்றிப் பூட்டுவதை வீட்டில் உள்ள அனைவர் கையாலும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மூத்தவன் கற்களைக் கழுவித் தருகிறான். அரிசியை அளந்து ஊறப்போடுவது இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. சுற்றும்போது டிரம் தயங்கினால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும். உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் ஒன்று கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.