பழைய ஃபிரன்டியரில் ஸ்டீரிங் ஆட்டம்: பாக்ஸை மாற்றும் முன் ஐட்லர் ஆர்மைப் பாருங்கள்

செலாயாங் பாசார் போரோங்கில் விடியற்காலையிலேயே காய்கறி ஏற்ற நிற்கும் பழைய பிக்கப்புகளில் நிசான் ஃபிரன்டியர் டி22-ம் ஒன்று. எஞ்சின் நன்றாக உழைக்கும். முன்பக்க ஸ்டீரிங் கம்பிகள்தான் அவ்வளவு பொறுக்காது. ஸ்டீரிங் லூசானதும் பட்டறையில் "பாக்ஸ் போச்சு" என்பார்கள், அதாவது ஸ்டீரிங் கியர் பெட்டி கெட்டுவிட்டது என்று. பெரும்பாலும் பாக்ஸ் போயிருக்காது, பாக்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்டீரிங் கம்பியைத் தாங்கும் ஐட்லர் ஆர்மின் புஷ்தான் (உள்வளையம்) தேய்ந்திருக்கும். ஐட்லர் ஆர்மின் விலையோ பாக்ஸ் பக்கத்தில்கூட வராது.

முதலில் ஆட்டத்தை அளக்க வேண்டும். சக்கரங்கள் நேராக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டீரிங் விளிம்பில் டேப் ஒட்டுங்கள். டயர் அசையத் தொடங்கும்வரை விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். 30 மி.மீ. தாண்டினால் தேட வேண்டியதுதான். ஆட்டம் குறைவாக இருந்தும் காராக் நெடுஞ்சாலை வளைவுகளில் வண்டி அலைந்தால் கோளாறு வேறிடத்தில்: டயர் காற்று, லோவர் ஆர்ம் புஷ், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் புஷ். பாரம் ஏற்றும் வண்டியில் கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதே இல்லை.

தேடும்போது வண்டியை ஜாக்கில் தூக்காதீர்கள். டயர் தரையில் அழுந்தி நின்றால்தான் ஜாயிண்டில் உள்ள இடைவெளி வெளியே தெரியும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒருவர் ஸ்டீரிங்கை இரண்டு அங்குலம் இடவலமாக ஆட்டட்டும். கீழே இருப்பவர் ஸ்டீரிங் காலம் (தண்டு) ஜாயிண்ட், பாக்ஸ், அதிலிருந்து வரும் பிட்மன் ஆர்ம், நடுக்கம்பியான சென்டர் லிங்க், ஐட்லர் ஆர்ம், சக்கரத்துக்குப் போகும் டை ராட் என்று வரிசையாகப் போக வேண்டும். எந்த ஜாயிண்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிறதோ, குறை அங்கே. ஐட்லர் ஆர்மை மட்டும் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நன்றாகவே ஏறி இறங்கினால் புஷ் போய்விட்டது. பாக்ஸைச் சேஸியோடு பிணைக்கும் போல்ட்டுகளையும், அந்த இடத்தில் துரு வெடிப்பையும் விட்டுவிடக் கூடாது.

ஜாக் அடுத்த கட்டத்துக்கு. சக்கரத்தைத் தூக்கி, அதன் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்டுங்கள். உதவியாள் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்.

பாக்ஸின் மேலுள்ள சரிசெய்யும் ஸ்க்ரூவை இறுக்கிவிடும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் பெரிய கெடுதல். ஆட்டம் குறைந்ததுபோல இருக்கும். ஆனால் நடுவில் கியர் இறுகி, வளைவு முடிந்தும் ஸ்டீரிங் தானாகத் திரும்பாது. பல்லும் சீக்கிரம் தேயும். மற்ற ஜாயிண்டெல்லாம் சரியென்று உறுதியான பிறகுதான் அதைத் தொடலாம், அதுவும் கால் சுற்றுக்கும் குறைவாக.

பழைய வண்டிகளின் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் ஐட்லர் ஆர்ம் வாங்காதீர்கள், அதுவும் அதே அளவு தேய்ந்தே வந்திருக்கும். டை ராட் எண்ட் கழற்றும் முன் வெளியே தெரியும் மரையை எண்ணி வையுங்கள், புதியதை அதே அளவுக்கு மாட்டலாம். நட்டைப் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. கிரீஸ் நிப்பிள் உள்ள சாமானுக்கு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் போதும். ரப்பர் உறை கிழிந்து மழைநீர் புகுந்த ஜாயிண்டுக்கு கிரீஸ் வீண்.

எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை மையத்தின் சைட் ஸ்லிப் சோதனையில் தேறியதால் ஆட்டம் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது சக்கரம் பக்கவாட்டில் இழுப்பதை மட்டும் அளக்கிறது.