7,450 ரூபாய் போச்சு: குளிர் நாட்டுக்கு பூட்ஸ் வாங்கப் போகும் பெண்கள் கவனத்துக்கு

குளிர் நாட்டுக்குப் போகும் நம் ஊர்ப் பெண்கள் பூட்ஸ் எப்படிப் பார்த்து வாங்குவது, சுடிதாருக்கும் சேலைக்கும் அதை எப்படிப் பொருத்திப் போடுவது என்று எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். விரிவாக எழுதுகிறேன் என்று நானும் சொல்லியிருந்தேன். அது கடைசியில் கொஞ்சம் வரும். முதலில் இதைப் படியுங்கள். அதே பூட்ஸ் பெயரைச் சொல்லி என்னிடமிருந்து 7,450 ரூபாயைப் பறித்துவிட்டார்கள். இதை எழுதும்போதுகூட கை நடுங்குகிறது.

நான் கரூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பெட்ஷீட், கிச்சன் டவல், திரைச்சீலை எல்லாம் செய்து அனுப்புகிறோம். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. இந்த முறை ஸ்டாலில் நிற்க என்னை அனுப்புகிறார்கள். அங்கே ஜனவரியில் குளிர் 0 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நடைபாதை ஈரமாகவே கிடக்கும், பனி பெய்தால் வழுக்காமல் இருக்க உப்பும் பொடிக்கல்லும் தூவுவார்கள். ஹாலுக்குள்ளே போனால் ஹீட்டர். அங்கே நாள் முழுக்க நடை, நிற்பது, திரும்ப நடை. எனக்கு என்ன வேண்டும் என்பது முன்பே போய் வந்த அக்காக்கள் சொல்லித் தெளிவாக இருந்தது: கறுப்பு, கணுக்கால் உயரம், தட்டையான அடி, ரப்பர் சோல், தண்ணீர் இறங்காத தோல், கம்பளி சாக்ஸ் போட ஒரு நம்பர் பெரிசு. கரூர்க் கடைகளில் கேட்டால் கம்பூட்ஸை எடுத்துக் காட்டினார்கள்.

அப்போதுதான் எல்லோரும் போட்டோ போடுகிற அந்த ஆப்பில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. வெளிநாடு போகும் தமிழ்ப் பெண்களுக்கு பூட்ஸ், கோட்டு, தெர்மல் என்கிற குளிர் உள்ளாடை எல்லாம் விற்பார்களாம், கூடவே ஸ்டைலிங் டிப்ஸும் சொல்லித் தருவார்களாம். குர்தாவோடு பூட்ஸ், சேலையோடு பூட்ஸ் என்று வீடியோ வீடியோவாகப் போட்டிருந்தார்கள். பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, தவிர அந்தப் பெயரை அவர்கள் நாளைக்கே மாற்றிவிடுவார்கள். நீங்கள் அடையாளம் காண வேண்டியது அவர்கள் பேசும் முறையை.

மெசேஜ் போட்டதும் எழுத்தில் பதில் வரவில்லை, ஆடியோ வந்தது. ஒரு பெண் குரல். "அக்கா, நீங்க கரூருங்களா? எங்க அம்மா ஊரு க.பரமத்திங்கக்கா. உங்க பக்கந்தானுங்க. இப்ப நாங்க ஈரோட்டுல இருக்கறமுங்க." கேட்டவுடனே மனசு இளகிவிட்டது. ஊர்க்காரப் பிள்ளை, சொந்தமாக ஒரு தொழில் செய்கிறது, பெரிய கம்பெனிக்குக் கொடுப்பதை இதற்குக் கொடுப்போமே என்று தோன்றியது. நம் ஆட்கள் யாருக்குமே அப்படித்தான் தோன்றும். அந்த 'ங்க'வை வைத்துத்தான் அவர்கள் தொழிலே நடக்கிறது.

அதோடு விடவில்லை. வெள்ளைத் தாளில் ஏறி நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். "உங்களுக்கு எப்பவும் 38 தானுங்கக்கா. ஆனா கம்பளி சாக்ஸ் போடோணுமல்லங்க, 39 எடுத்துக்கலாமுங்க. சாயங்காலம் பாதம் கொஞ்சம் வீங்குமுங்க, அதையும் கணக்குல வெச்சுக்கோணுங்க." எல்லாமே சரியான பேச்சு. தொழில் தெரிந்தவள் பேசும் பேச்சு. தோல் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "ஆம்பூர் தோலுங்க, எக்ஸ்போர்ட் பீசுங்க" என்று ஒரு பூட்ஸை மடக்கி மடக்கி வீடியோவில் காட்டினாள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் தோலுக்குப் பேர்போன ஊர்கள். எக்ஸ்போர்ட் பீஸ் என்றால் என்ன என்று ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்கிற எனக்குத் தெரியும். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறேன் என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

பூட்ஸ் 6,500. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஸ்டைலிங் வகுப்பு 950. மொத்தம் 7,450 ரூபாய். பொருள் வந்த பிறகு பணம் என்று கேட்டதற்கு, "உங்க கால் அளவுக்குன்னே எடுத்து வெக்கறமுங்க, அதனால முழுப் பணமும் முன்னாடியே வாங்கிக்கறமுங்க" என்றாள். யூபிஐயில் ஒரு ஆண் பெயர் வந்தது. கேட்டேன். "எங்க வீட்டுக்காரரு கணக்குங்கக்கா." அனுப்பினேன். பதிலுக்கு வந்த ஸ்டிக்கரில் ஸ்வெட்டர் போட்ட பொம்மை ஒன்று சிரித்துக்கொண்டே நன்றி சொன்னது.

பார்சல் சொன்ன தேதிக்கு வரவில்லை. அது பெரிசில்லை, கூரியர் தாமதம் சகஜம். வந்ததைப் பிரித்தபோதுதான் வயிறு எரிந்தது. பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் நெடி வீடே நிறைந்தது. உள்ளே ஒட்டிய ஸ்டிக்கரில் 39. சோலைத் திருப்பினால் அச்சிலேயே வார்த்திருப்பது 37. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். வெறுங்காலே நுழையவில்லை, இதில் கம்பளி சாக்ஸ் எங்கே போட?

பூட்ஸின் நாக்கு, அதாவது லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை, அதன் ஓரத்தைப் பார்த்தேன். நிஜத் தோலை வெட்டினால் ஓரத்தில் நார் நாராகத் தெரியும். இதில் மேலே மெல்லிய பூச்சு, அடியில் நிட்டட் துணி. நம் ஊர் ஈரத்தில் பீரோவுக்குள் சும்மா கிடந்தாலே செதில் செதிலாக உரிந்துவிடும் சரக்கு. சுத்தக் கம்பளி லைனிங் என்றார்களே, அதில் ஒரு நூலைப் பிரித்து ஆபீசில் எரித்துப் பார்த்தோம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை இது. கம்பளியானால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது உருகி, கறுப்பு மணியாக இறுகி நின்றது. பாலியஸ்டர்! துணியிலேயே வாழ்கிற ஊர்க்காரியிடமே பாலியஸ்டரைக் கம்பளி என்று விற்க ஒரு துணிச்சல் வேண்டும்.

சோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்தே அதில்தான். கையால் வளைத்தால் வளையவில்லை. மலிவான பிவிசி சோல் குளிரில் இன்னும் கெட்டிப்பட்டு, ஈரத் தரையில் வழுக்கும். இதைப் போட்டுக்கொண்டு ஒரு வயதான அம்மா மகள் பிரசவத்துக்கு கனடா போய் பனியில் கால் வைத்தால் இடுப்பெலும்பு என்ன ஆகும்? அந்தப் பக்கத்தில் கருத்துப் போட்டிருந்தவர்களில் பாதிப் பேர் அப்படிப் போகிற அம்மாக்களும், நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகளும்தான். நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது.

உடனே போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். பிரிக்கும்போதே நிறுத்தாமல் வீடியோ எடுக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை, எடுத்திருந்தேன். பதில்: "வெளிச்சம் பத்தலைங்க." பகலில், வாசலில் எடுத்த வீடியோ அது. அப்புறம் "கூரியர்காரங்ககிட்ட கேளுங்க" என்றார்கள். சோலில் இருக்கும் 37-ஐக் கூரியர்காரரா அச்சடித்தார்? அப்புறம் குரல் மாறியது. அந்தப் பெண் காணோம், ஒரு பையன் பேசினான், 'ங்க'வும் காணோம். "ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கார், வந்ததும் பேசுவார்." மார்கழி மாதத்தில் எந்த வீட்டில் கல்யாணம் வைக்கிறார்கள்? அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டான்.

ஸ்டைலிங் வகுப்பும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு உட்கார்ந்து காத்திருந்தால், வகுப்புக்குப் பதிலாக ஒரு பிடிஎஃப் வந்தது. வெள்ளைக்காரப் பெண்கள் முழங்கால் பூட்ஸும் குட்டைப் பாவாடையும் போட்டு நிற்கும் படங்கள். குர்தா பற்றி ஒரு வரி இல்லை, சேலை பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு 950.

ஈரோட்டில் இருக்கும் என் சித்தப்பா மகனை, பெருந்துறை ரோட்டில் அவர்கள் கொடுத்திருந்த விலாசத்தில் போய்ப் பார்க்கச் சொன்னேன். அப்படி ஒரு கடையே அங்கே இல்லை, பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதும் இல்லை. பார்சல் மேல் இருந்த அனுப்புநர் விலாசமோ வேறு மாநிலம். அதை அவர்கள் பக்கத்திலேயே கருத்தாக எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டு என்னைத் தடை செய்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் விட்டார்களா? வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு. "மேடம், உங்க 7,450 ரூபாய் ரீஃபண்ட் ஓகே ஆயிருச்சு. நான் அனுப்புற க்யூஆர் கோடை ஸ்கேன் செஞ்சு பின் நம்பர் போடுங்க, பணம் ஏறிடும்." பணம் வாங்குவதற்கு எந்தக் காலத்திலும் பின் நம்பர் தேவையில்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும், அவ்வளவுதான். திருடிய 7,450 போதாதென்று மிச்சத்தையும் எடுக்கப் பார்த்தார்கள். போலீசுக்குப் போகிறேன் என்றதும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் பணத்தைவிட அதிகமாக உறுத்துகிறது.

பேங்கில் போய்ச் சொன்னால், "நீங்களே அனுப்பின பணம்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரை போட்ட நகல் கேட்டு நின்று வாங்கிக்கொண்டுதான் வந்தேன். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்துப் பதிவு செய்தேன், எண் கொடுத்திருக்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லியிருக்கிறேன். இன்றுவரை 7,450-இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

சரி, கேட்ட டிப்ஸுக்கு வருகிறேன். விரிவாக எழுதும் மனநிலையில் இப்போது இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பூட்ஸைக் காலில் போட்டு நடக்காமல் வாங்காதீர்கள். கோயம்புத்தூரில் மலையேற்றச் சாமான் விற்கும் பெரிய கடைகளில் பனிக்கான பூட்ஸே கிடைக்கிறது. சாயங்காலம் போங்கள், போடப்போகும் சாக்ஸைக் கையோடு கொண்டு போங்கள். நானும் கடைசியில் அப்படித்தான் வாங்கினேன், அதுவும் அந்த 6,500-ஐவிடக் குறைந்த விலைக்கு. நாக்கு இரண்டு பக்கமும் பூட்ஸின் உடம்போடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும். காட்டன் சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், கால் விறைத்துவிடும். கம்பளிதான் சரி. நாள் முழுக்க ஹீட்டர் போட்ட கட்டடத்தில் இருப்பவர்களுக்கு உள்ளே ரோமம் வைத்த பூட்ஸ் வேண்டாம், வேர்த்துக் கொட்டும்.

சுடிதார் பேன்ட்டின் கணுக்கால் சுருக்கம் பூட்ஸுக்குள் திரண்டு அழுத்தும், அதனால் லெகிங்ஸோ நேர்வெட்டு பேன்ட்டோ போடுங்கள். குர்தா, கோட்டுக்குக் கீழே தொங்கினால் நனையும். சேலை கட்டினால் வழக்கத்தைவிட இரண்டு இஞ்ச் தூக்கிக் கட்டுங்கள், பால்ஸ் ஓரம் சேறாகாது. உள்ளே பாவாடைக்குப் பதில் தெர்மல். நிறம் கறுப்பு எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஆகும். இதற்கு மேல் அப்புறம் எழுதுகிறேன்.

ஆன்லைனில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கும் இடத்தில் வாங்குங்கள். கடைப் பெயர் ஒன்று, யூபிஐ பெயர் இன்னொன்று என்றால் அனுப்பவே வேண்டாம். தொழிலாக ஆன்லைனில் விற்பவர்கள் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகளே சொல்கின்றன. அந்த விவரம் இல்லாத பக்கமா, ஆடியோ எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930-க்கு அடியுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு கணக்காக மாறிப் போய்விடும்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஈரோடு, கோபி, கரூர், தாராபுரம், பல்லடம் பக்கம் யாருக்காவது இதே மாதிரி "எங்க அம்மா ஊரு உங்க பக்கந்தானுங்க" என்று ஆடியோ வந்து பணம் போயிருந்தால், அந்த ஆடியோவை அழிக்காதீர்கள். யூபிஐ ரசீது, பார்சல் மேல் ஒட்டிய சீட்டு, சோலில் இருக்கும் நம்பரின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள். நான் ஜெர்மனிக்குக் கிளம்புவதற்குள் எல்லாருடைய பேரையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.