பிங்க் ஃபிளாய்டின் 'தி எண்ட்லெஸ் ரிவர்': மண்டபம் பக்கத்தில் நெடுநாளாகக் கேட்டவனின் அனுபவம்

மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் ராக் இசை கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்குள்ளும் பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இந்த ஒரு ஆல்பத்தில் ஒத்துப்போக மாட்டோம். 2014 நவம்பரில் வெளிவந்தது முதல் விட்டு விட்டுக் கேட்டு வருகிறேன். வீட்டில், பேருந்தில், இரவு ரயிலில் கேட்டிருக்கிறேன். இதில் கிதாரையும் பாட்டு வரிகளையும் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள் என்பது என் கருத்து. இது ரிச்சர்டு ரைட்டின் கீபோர்டுக்காகக் கேட்க வேண்டிய ஆல்பம்.

தொண்டியில் படகு எஞ்சின் பார்க்கும் என் மச்சான் ஃபிளாய்டைக் கரைத்துக் குடித்தவர். அவர் தீர்ப்பு: "வித்தது போக மிச்சத்தைக் கருவாடு போட்டுட்டாய்ங்க மாப்ள." இது எந்தச் சரக்கிலிருந்து வந்தது என்ற அளவில் அவர் சொல்வது சரி. 1993இல் 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்துக்காக கிதார் வாசிக்கும் டேவிட் கில்மோர், டிரம் அடிக்கும் நிக் மேசன், ரைட் மூவரும் உட்கார்ந்து மணிக்கணக்காக வாசித்துப் பதிந்தார்கள். தேம்ஸ் நதியில் மிதக்கும் கில்மோரின் அஸ்டோரியா படகு ஸ்டுடியோவும் அந்தப் பதிவு நடந்த இடங்களில் ஒன்று. 1994இல் வெளிவந்த அந்த ஆல்பத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மற்றதை வைத்துவிட்டார்கள். 2008 செப்டம்பரில் ரைட் புற்றுநோயில் இறந்துபோனார். அதற்குச் சில வருடங்கள் கழித்து மற்ற இருவரும் அந்த நாடாக்களைத் திறந்தார்கள். ஃபில் மன்சனேரா, யூத், ஆண்டி ஜாக்சன் ஆகிய தயாரிப்பாளர்களோடு சேர்ந்து, வேண்டிய இடங்களில் புதிதாக வாசித்துச் சேர்த்து, இசைத்தட்டின் நாலு பக்கங்களாகப் பதினெட்டு துண்டுகளை அடுக்கினார்கள்.

மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எந்தக் காலத்து மிச்சம் என்பதை மச்சான் கணக்கில் எடுப்பதில்லை. 1979இல் 'தி வால்' ஆல்பத்தின் பதிவு நடக்கும்போது ரைட்டைக் குழுவை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அதன் பிறகு வந்த கச்சேரிகளில் தன் சொந்தக் குழுவிலேயே அவர் சம்பளத்துக்கு வாசித்தார். பாஸ் கிதார் வாசித்து, பாட்டுகளும் எழுதிவந்த ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் விலகிய பின், 1987 ஆல்பத்திலும் அவருக்குக் கூலிதான். முழு உறுப்பினராக மறுபடி உட்கார்ந்தது 'தி டிவிஷன் பெல்' காலத்தில். பறிபோன இடம் திரும்பக் கிடைத்த ஒரு மனிதன் நிம்மதியாக வாசித்த வாசிப்பு இந்த நாடாக்களில் இருக்கிறது. 'இட்ஸ் வாட் வீ டூ' என்ற ஆறு நிமிடத் துண்டில் அந்த நிம்மதி அப்படியே கேட்கும். கில்மோரின் கிதார் மேலே நடக்கிறது, கீழே தரை போட்டுக்கொண்டே வருவது ரைட். இத்தனை வருடத்தில் எனக்குக் கொஞ்சமும் சலிக்காத துண்டு இதுதான்.

தங்கச்சிமடத்தில் கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பியிடம் இதைப் போட்டுக் காட்டினேன். அவனுக்குப் பிங்க் ஃபிளாய்டு யாரென்றே தெரியாது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணே, இவரு ரெண்டு நோட்டு வச்சுட்டு விட்டுர்றாரு. அப்படி விடுறதுதான் கஷ்டம்." பெரிய விமர்சகர்கள் எழுதியதை விட இது எனக்குப் பொருத்தமாகப் பட்டது. 'ஆட்டம் 68' (Autumn '68) துண்டில் வரும் பைப் ஆர்கன், 1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரைட் வாசித்துப் பதிவானது என்று சொன்னதும் அவன் அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். ஒன்றரை நிமிடம்தான் அது.

என் குறையும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ஏழு துண்டுகள், அவற்றில் ஆறு துண்டுகள் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. ஒரு மனநிலை கூடி வருவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. 'அலோன்ஸி' என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் பகுதி 'தி வால்' கால கிதார் அடியை அப்படியே ஞாபகப்படுத்துகிறது, அதைத் தாண்டி ஒன்றும் செய்வதில்லை. அந்த ஆர்கனை இவற்றுக்கு நடுவில் நறுக்கி வைத்தது எனக்கு இன்றும் வருத்தம். ஐந்து நிமிடம் விட்டிருக்கலாம். இரண்டாம் பக்கத்தில் 'ஸ்கின்ஸ்' அப்படி இல்லை. மேசனின் பழைய டிரம் பாணி, அறுபதுகளின் கடைசியில் அவர் அடித்த அடி, மறுபடி உயிரோடு வருகிறது.

கீழக்கரை காக்கா (அண்ணன்) ஒருவர் துபாயில் இருந்த காலத்திலேயே சிடிகள் சேர்த்தவர். வாட்டர்ஸ் இல்லாத ஃபிளாய்டை அவர் ஏற்பதே இல்லை. "சண்டை போட ஆளில்லாத வீட்ல பேச்சு எப்படி இருக்கும்?" என்பார். அவருக்கு நான் காட்டுவது ஆல்பத்தின் முதல் நிமிடத்தை. இசை எழும்புவதற்கு முன்பே குழுவினரின் குரல்கள் கேட்கின்றன. சொல்லாமலே ஒருவரையொருவர் புரிந்துகொள்வதையும், சொல்லாமல் விட்டவை நிறைய இருப்பதையும், கத்திச் சண்டை போட்டதையும் அவர்களே பேசுகிறார்கள். காக்கா கேட்டுவிட்டுத் தலையாட்டுவார், கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார். கடைசியில் வரும் 'லவுடர் தேன் வேர்ட்ஸ்' பற்றி மட்டும் நாங்கள் ஒரே கட்சி. முழுதாகப் பாடப்படும் பாட்டு அது ஒன்றுதான். கில்மோரின் மனைவி பாலி சாம்சன் எழுதிய வரிகள், அதுவரை வாத்தியங்கள் சொல்லாமல் சொன்னதை எல்லாம் எடுத்து விளக்க உட்காருகின்றன. பாட்டின் கடைசியில் கில்மோர் கிதாரை எடுத்தபின்தான் மூச்சு வருகிறது.

இனி, கேட்கும் முறை. துண்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து போகும்படி கோத்திருக்கிறார்கள். போனில் இடைவெளி இல்லாமல் ஓடும் வசதியை இயக்கிவிட்டு, ஷஃபிளை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பென்டிரைவில் ஏற்றிக் கார் ஸ்டீரியோவில் போட்டபோது ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே ஒரு வெட்டு விழுந்து, முதல் பக்கமே பாழானது. இதைப் பிடிக்கவில்லை என்கிறவர்களில் பலர் இப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். டீசல் எஞ்சின் ஓடும் இடத்தில் போடவே வேண்டாம், ரைட் வாசிக்கும் அடிச்சுரம் முழுவதையும் அது தின்றுவிடும். கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் சன்னலைச் சாத்தினாலும் மெல்லிய இசை கேட்பது பாடு. வாடைக்காற்று தொடங்குமுன் காற்று அடங்கும் இரவுகளில், நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் ஆல்பமே வேறு. உப்புக்காற்றில் ஹெட்ஃபோன் பின்னில் பச்சைக் களிம்பு ஏறி ஒரு பக்கம் சத்தம் குறையும். எனவே கேட்டு முடித்ததும் துடைத்து, மூடிய டப்பாவில் வையுங்கள்.

அட்டைப்படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேகக் கடலில் ஒருவன் நின்றபடி படகு தள்ளிச் சூரியனை நோக்கிப் போகிறான். வரைந்தவர் அகமது எமாத் எல்தீன், அப்போது பதினெட்டு வயது எகிப்திய இளைஞர். தனுஷ்கோடியில் பெண் கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு, அலையே இல்லாத அந்த வெளியில் வத்தையும் (சிறு படகும்) வானமும் ஒட்டிக்கொள்வது புதிதில்லை. இங்கே இந்தப் படத்தைக் காட்டினால் யாரும் இது கற்பனை என்று சொல்வதில்லை.

சிடியே போதும். இரட்டை இசைத்தட்டின் நாலு பக்கப் பிரிவு இந்த இசைக்கு அழகாகப் பொருந்துகிறது, ஆனால் எங்கள் ஊர் மணலிலும் உப்பிலும் தட்டையும் ஊசியையும் காப்பது தனி வேலை. புதிதாகக் கேட்பவர்கள் முதலில் 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்தில் ரைட்டே முன்னின்று பாடும் 'வேரிங் தி இன்சைட் அவுட்' பாட்டைக் கேளுங்கள். அந்தக் குரல் பழகிய பிறகு, அதே சூட்டோடு இதன் முதல் பக்கத்துக்கு வாருங்கள்.