சோற்றைக் கைவிடாமல் சீனியைக் கட்டுப்படுத்துதல்: வன்னியிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

இரண்டாம் வகை நீரிழிவு இருப்பதாக 2021 ஆம் ஆண்டு உறுதிசெய்யப்பட்டதிலிருந்து உணவில் நான் செய்துவரும் மாற்றங்களையும், அவற்றுள் எவை நின்று பிடித்தன, எவை சில மாதங்களிலேயே கைநழுவிப் போயின என்பதையும் இங்கே எழுதுகிறேன். நான் விசுவமடுப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பாடசாலை ஆசிரியை. வீட்டில் வயல் உண்டு. காலையில் இடியப்பம் அல்லது பிட்டு, மதியம் சோறு, இரவு மீண்டும் பிட்டு அல்லது பாண் என்று மூன்று வேளையும் மாப்பொருளிலேயே வளர்ந்த உடம்பு இது.

வெறுவயிற்றுப் பரிசோதனையில் ஒரு டெசிலீற்றர் குருதியில் சீனி 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் ஏ1சி குருதிப் பரிசோதனை 6.5 சதவீதத்தைத் தொட்டால் நீரிழிவு என்பது பொதுவான வரையறை. எனக்கு வெறுவயிற்றில் 168, ஏ1சி 8.2. வைத்தியர் மெற்போமின் குளிசையைச் சாப்பாட்டுடன் எடுக்கச் சொன்னார். மாப்பொருளைக் குறைக்கச் சொன்னார். கிளினிக்கில் ஒருவருக்கு ஒதுக்கக்கூடிய நேரத்தில் அதற்கு மேல் விளக்கம் எதிர்பார்க்க முடியாது. செய்தி பரவியதும் கனடாவிலுள்ள உறவினர் வட்ஸ்அப்பில் ஒரு நீண்ட பட்டியலை அனுப்பினார்: ஓட்ஸ், அப்பிள், ஒலிவ் எண்ணெய், புறக்கோலி. புதுக்குடியிருப்புச் சந்தையில் அதில் பாதி கிடைக்காது. கிடைக்கும் பாதியை ஆசிரியர் சம்பளத்தில் மாதம் முழுவதும் வாங்க முடியாது. ஆகவே, எங்கள் அடுப்படியில் ஏற்கெனவே உள்ளவற்றை வைத்துக்கொண்டே இதைச் சமாளிப்பதென்று முடிவெடுத்தேன்.

அதே உறவினர் வழியாகத்தான், விரலில் குத்தி வீட்டிலேயே சீனியை அளக்கும் குளுக்கோமீற்றரும் வந்தது. இதை வாங்க எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இங்கே இருக்கிறது. வெளிநாட்டு மெஷினுக்கு உரிய ஸ்ட்ரிப் (குருதித் துளியை இடும் சோதனைப் பட்டை) கிளிநொச்சி மருந்தகங்களில் கிடைக்கவில்லை. ஒரு வகை மெஷினின் ஸ்ட்ரிப்பை இன்னொரு வகையில் பயன்படுத்தவும் முடியாது. மேலும், கனடாவில் அளவை மில்லிமோலில் காட்டுவார்கள். இங்கே மில்லிகிராமில் பேசுவோம். மில்லிமோல் எண்ணை 18 ஆல் பெருக்கினால் நம்முடைய எண் வரும், 9.3 என்பது ஏறக்குறைய 168. திரையில் 9 என்று கண்டு ‘சீனி இறங்கிவிட்டது’ என்று மகிழ்ந்த அயலவர் ஒருவரையும் நான் அறிவேன். எனவே முதலில் அருகிலுள்ள மருந்தகத்தில் எந்த ஸ்ட்ரிப் தட்டுப்பாடில்லாமல் வருகிறது என்று விசாரித்து, அதற்குரிய மெஷினை வாங்குவதே சரி. மெஷின் ஒருமுறைச் செலவு, ஸ்ட்ரிப் என்றைக்கும் செலவு.

2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்து ஸ்ட்ரிப்பின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோதுதான் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் முறை எனக்குப் பிடிபட்டது. தினமும் காலையில் ஒருமுறை குத்திப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பதால் உணவைப் பற்றி அதிகம் தெரியவராது. காலை அளவு முந்திய இரவுச் சாப்பாட்டை மட்டும் பொறுத்ததன்று. விடிவதற்கு முன் சுரக்கும் ஓமோன்களின் தூண்டுதலால் ஈரல் தானாகவே குளுக்கோசைக் குருதியில் விடுகிறது. இரவில் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டுப் படுத்தும் காலையில் எண் கூடியிருப்பதைக் கண்டு மனம் சலித்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கக்கூடும். ஒரு சாப்பாடு சீனியை எவ்வளவு ஏற்றுகிறது என்று அறிய வேண்டுமானால் சாப்பிடுவதற்கு முன் ஒருமுறையும், முதற் கவளத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஒரு சாப்பாட்டைச் சோதித்த பின், அதில் ஒன்றை மட்டும் மாற்றி வேறொரு நாள் மீண்டும் பார்க்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் 180 க்குக் கீழே இருப்பதையே எனக்கு இலக்காகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த முறையில் முதலில் அகப்பட்டது குரக்கன். நீரிழிவு என்றதும் நம்மூரில் எல்லோரும் சொல்லும் மருந்து குரக்கன் பிட்டு. வெள்ளை அரிசிமாப் பிட்டைவிட அதில் நார்ப்பொருளும் கல்சியமும் அதிகம் என்பது உண்மை. ஆனால் மில்லில் நன்றாக அரைபட்ட குரக்கன் மாவும் மாப்பொருளே. நீத்துப்பெட்டியிலிருந்து கொட்டிய பிட்டை வயிறு நிறைய எடுத்து, கதலி வாழைப்பழத்தையும் பிசைந்து சாப்பிட்ட நாளில் என் அளவு 230 ஐத் தாண்டியது. அதே குரக்கன் பிட்டில் ஒரு தேநீர்க் கோப்பை அளவு மட்டும் எடுத்து, கத்தரிக்காய்க் குழம்பும் மீன் துண்டும் முருங்கையிலை வறையும் சேர்த்தபோது 160 க்கு அருகில் நின்றது. பிட்டு மாறவில்லை, அளவும் கூட்டும் மாறின.

சோற்றிலும் கதை இதுவே. தீட்டாத சிவப்புப் புழுங்கல் அரிசி, வெள்ளைப் பச்சையரிசியைவிட எனக்கு ஒத்துப்போகிறது. ஆயினும் அரிசியின் நிறத்தைவிடக் கோப்பையின் எண்ணிக்கையே பெரிய வேறுபாட்டைத் தந்தது. சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருள் உண்டு. முன்பு நான் சாப்பிட்டது குறைந்தது மூன்று கோப்பை, அதுவும் பருப்புடனும் உருளைக்கிழங்குக் கறியுடனும். இப்போது ஒரு கோப்பைச் சோறு. தட்டின் பாதியில் இலைக்கறியும் மரக்கறியும். மிச்சத்தில் மீன், முட்டை, கௌபி அல்லது கடலை. சண்டியிலை, வல்லாரை, பொன்னாங்காணி, பயற்றங்காய், வாழைப்பொத்தி என்று வேலியிலும் தோட்டத்திலும் கிடைப்பவற்றுக்குக் குறைவில்லை. உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் நான் கறியாக எண்ணுவதை நிறுத்திவிட்டேன்; அவை என் கணக்கில் சோற்றுக்குள் அடங்கும். முதலில் வறையையும் மீனையும் சாப்பிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் ஏற்றம் இன்னும் குறைகிறது. குழைத்துச் சாப்பிட்டுப் பழகிய கைக்கு அது சுவையற்ற வேலை என்பதால், விருந்துக்குப் போகும் நாட்களில் மட்டும் அப்படிச் செய்கிறேன்.

பாணைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. ‘நான் இரவில் சோறு தொடுவதில்லை, கால் இறாத்தல் பாண் மட்டுந்தான்’ என்று கிளினிக் வரிசையில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கால் இறாத்தல் பாணில் இருக்கும் மாப்பொருள் ஒரு கோப்பைச் சோற்றில் இருப்பதைவிடக் கூடவே இருக்கும். கூடச் சாப்பிடும் மரக்கறியோ சம்பலளவில் நின்றுவிடுகிறது. என் சோதனைகளில் மிக மோசமான எண்களைத் தந்தது பாணும் பருப்பும். மிக நல்ல எண்ணைத் தந்தது அவித்த கௌபியும் தேங்காய்ச் சொட்டும். ஒரு சிறிய கிண்ணம் கௌபி மதியம் வரை பசிக்காமல் வைத்திருக்கிறது. ஒடியற் கூழ் என்னை வியப்பில் ஆழ்த்தியது: மீன், நண்டு, பயற்றங்காய், முருங்கையிலை என்று எல்லாம் சேர்ந்து ஒடியல் மா குறைவாகவே விழுவதால் ஒரு கோப்பைக்கு எண் அதிகம் ஏறவில்லை. இரண்டாம் கோப்பையைச் சோதித்துப் பார்க்கவில்லை. வீட்டில் யாரும் மிச்சம் வைப்பதில்லை.

தேநீரில் சீனியை நிறுத்துவது நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இருக்கவில்லை. இடைஞ்சல் பனங்கட்டியால் வந்தது. உறவினர் வீட்டில் பிளேன்ரீயுடன் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்து, “அக்கா, இது சீனியில்லை, பயப்பிடாமக் கடியுங்கோ” என்பார்கள். பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்குரோசுதான். சிறிதளவு தாதுப்பொருள் இருக்கிறது என்பதற்காகக் குருதி அதை வேறாகப் பார்ப்பதில்லை. சோடாவை மறுப்பது அதைவிட எளிது. 2016 முதல் போத்தல்களில் நிறக் குறியீடு வந்துவிட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்தச் சிவப்பு வட்டத்தைக் காட்டினால் வீட்டுக்காரரும் வற்புறுத்துவதில்லை.

பழங்களில் எனக்கு இன்றுவரை பிடி கொடுக்காதது பாலைப்பழம். காட்டோரத்திலிருந்து பறித்து வந்து கடகத்தில் கொட்டுவார்கள். பிசுபிசுப்பு உதட்டில் ஒட்ட ஒட்ட ஒவ்வொன்றாக வாய்க்குள் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கைப்பிடியை எண்ணி வேறு தட்டில் எடுத்துக்கொண்டு, கடகத்தை விட்டு எழுந்துபோய் உட்காருவதே எனக்குத் தெரிந்த ஒரே வழி. மாம்பழமோ பாலைப்பழமோ சாப்பிட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் விரலைக் குத்தினால் மெஷின் பழத்தின் சீனியையும் சேர்த்து அளந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். இன்னொரு விடயம் வெயில். பெரும்பாலான ஸ்ட்ரிப் போத்தல்களில் 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் உள்ள அலுமாரி அதைத் தாண்டிவிடும். நான் போத்தலை இறுக மூடி, வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறையில் நிலத்தோடு அண்டிய தட்டில் வைக்கிறேன். சரியான மெஷினும் 15 சதவீதம் முன்பின்னாகக் காட்டலாம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட தரம். ஆகவே 150 க்கும் 160 க்கும் இடையிலான வேறுபாட்டுக்காக ஒரு கறியைக் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை.

உணவைக் குறைப்பதில் மிகக் கடினமான பகுதி உணவில் இல்லை, பரிமாறுபவரிடம் இருக்கிறது. “இந்தச் சோறு உனக்குக் காணுமோ பிள்ளை?” என்று மாமி இன்றும் கேட்கிறார். 2009 இல் ஓர் அகப்பைக் கஞ்சிக்காகப் பங்கர் வாசலில் காத்திருந்த மனிதரிடம், உள்ள சோற்றை வேண்டாமென்று சொல்வது எப்படி? மாப்பொருள், நார்ப்பொருள் என்று நான் விளக்கியது எதுவும் எடுபடவில்லை. சோற்றைக் குறைக்கிறேன் என்று சொல்வதை விட்டுவிட்டு, “மாமி, இன்னும் கொஞ்சம் வறை போடுங்கோ, மீன் இன்னொன்று வையுங்கோ” என்று கேட்கத் தொடங்கிய பின் தட்டு நிறைந்தது, அவருடைய மனமும் ஆறியது. மே 18, முள்ளிவாய்க்கால் நினைவுநாளில் கொடுக்கும் கஞ்சியை நான் தவிர்ப்பதில்லை. அரைச் சிரட்டை வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வருகிறேன். குழைந்த கஞ்சி சோற்றைவிட வேகமாகச் சீனியை ஏற்றும் என்பது தெரிந்துதான்.

விரதங்களைப் பற்றி என்னிடம் பலர் கேட்டிருப்பதால் இதையும் எழுதுகிறேன். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர் நிலைமை வேறு. அவர்கள் கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களை வைத்தியரிடம் கேளாமல் பிடிக்கக்கூடாது. வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று ஏற்பட்டு அளவு 70 க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் விரதம் முறிவதைப் பற்றி யோசிக்கக்கூடாது.

நின்று பிடிக்காதவையும் உண்டு. காலையில் குறிஞ்சா இலைச் சாறு குடிப்பது ஒரு மாரியுடன் முடிந்துவிட்டது. சாற்றால் என் எண்களில் வந்த மாற்றம் எதையும் உணவின் மாற்றத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. பாவற்காயைக் கறியாகச் சாப்பிடுகிறேன், மருந்தாக அல்ல. இரவில் சாப்பிடாமல் படுப்பது நள்ளிரவில் பிஸ்கற் பேணியில் போய் முடிந்தது. பாடசாலை இடைவேளையில் வாய்ப்பனும் றோல்சும் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை. அவித்த கடலையை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிறேன், மறந்த நாளில் வாய்ப்பனில் பாதியைச் சக ஆசிரியையிடம் தள்ளிவிடுகிறேன். மதியச் சாப்பாட்டின் பின் வாய்க்கால் கட்டோரமாகக் கால் மணி நேரம் நடப்பது மட்டும் காலபோகத்திலும் சிறுபோகத்திலும் தவறவில்லை. மழை நாட்களில் விறாந்தையில் நடப்பேன்.

ஏ1சி முந்திய இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவதால் ஓரிரு நாட்களின் கட்டுப்பாட்டால் அதை ஏமாற்ற முடியாது. முதல் ஆண்டின் இறுதியில் அது 7.1 ஆக வந்தது, பின்னர் 6.6 க்கும் 6.9 க்கும் இடையிலேயே நிற்கிறது. தைப்பொங்கலும் கோவில் திருவிழாக்களும் கழிந்தபின் எடுத்தால் சற்றே ஏறியிருக்கும். இதைக் கேட்பவர்கள் அடுத்ததாக எப்போதும் கேட்கும் கேள்வி, குளிசையை விட்டாயிற்றா என்பது. விடவில்லை. வைத்தியர் இடையில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். அதைக் கூட்டாமல் வைத்திருக்க முடிந்திருக்கிறது. நீண்டகாலம் மெற்போமின் எடுப்பவருக்கு விற்றமின் பீ12 குறையக்கூடும் என்பதால் அடுத்த கிளினிக்கில் அதையும் பார்க்கச் சொல்லிக் கேட்க இருக்கிறேன்.