தேரடி பழைய புத்தகக் கடையும் அதன் கீழ்த்தட்டும்

திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால், ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இந்தப் பழைய புத்தகக் கடை இருக்கிறது. போர்டு கிடையாது. பத்துக்குப் பத்து அறைதான். முதல் பக்கத்தில் பென்சிலால் விலை எழுதியிருக்கும். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் கைக்கு வந்துவிடும். மூன்று வருடமாகப் போகிறேன். கன்டெய்னர் ஆபீசில் பில் போடுகிற எனக்கு இந்தக் கணக்கில்தான் ஆங்கில நாவல் கட்டுப்படியாகிறது.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி இல்லை. வாங்கும்போதே கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் வாங்கிய ஒரு துப்பறியும் நாவலில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்கார அண்ணன் மறுபேச்சு இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுத்தார்.

நான் எழுத உட்கார்ந்தது கீழ்த்தட்டைப் பற்றி. அமெரிக்க நாவல்கள் எல்லாம் அங்கேதான். முதலில் எடுத்தது ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’, 60 ரூபாய். அடிமைமுறையை எதிர்த்து ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதி 1852இல் வந்த நாவல். முதல் வருடத்திலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதி விற்றது. எனக்கு முன்னால் படித்த யாரோ, எஜமான் வீட்டு வெள்ளைக் குழந்தை ஈவா சாகிற இடத்தில் பச்சை மையில் ‘ஐயோ பாவம்’ என்று எழுதியிருந்தார். மை கொஞ்சம் கரைந்திருந்தது. கறுப்பின அடிமை டாமை அடித்தே கொல்கிற பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. நானும் ஈவாவுக்குத்தான் அழுதிருந்தேன்.

கடைசி அத்தியாயத்தில் ஸ்டோவ் வாசகரிடம் நேராகவே பேசுகிறார். எல்லோராலும் ஒன்று செய்ய முடியும், தன் மனம் சரியாக உணர்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

நான் எர்ணாவூர்க் குப்பத்துப் பெண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்தது. வலை, படகு எல்லாம் கறுப்பு. எங்கள் ஆட்கள் பக்கெட்டும் மக்கும் வைத்து மொண்டு எடுத்தார்கள். பார்க்க வந்தவர்களில் ஓர் அம்மா என் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். என் தாயார், “அழாதம்மா, சரியாயிடும்” என்று அவர் முதுகைத் தடவிவிட்டார். விரல் இடுக்கில் எண்ணெய் அப்படியே இருந்தது. புடவையில் பட்டுவிடக் கூடாதென்று புறங்கையால் தடவினார். அந்த அம்மா நல்லவர்தான். அப்புறம் அவர் வரவில்லை.

நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அவர் குனிந்து ‘நேட்டிவ் சன்’ எடுத்துக் கொடுத்தார். “இதப் படிச்சா அழுகை வராதும்மா. தூக்கம்தான் வராது” என்றார்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் எழுதி 1940இல் வந்த நாவல். தன் முந்தைய கதைத் தொகுப்பை வங்கிக்காரர் வீட்டுப் பெண்கள்கூடப் படித்து, அழுது, மனம் லேசாகிப் போவார்கள் என்று தெரிந்ததும், அடுத்ததில் யாருக்கும் கண்ணீர் என்கிற ஆறுதல் கிடைக்கக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். சொன்னபடி செய்தார். சிகாகோவில் ஒற்றை அறையில் ஒரு கறுப்பர் குடும்பம்: அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பெண். விடிந்ததும் எலி ஓடுகிறது. மூத்தவன் பிக்கர் வாணலியால் அதை அடித்துக் கொல்கிறான். அவனுக்கு வேலை கொடுக்கிற வெள்ளைக்காரப் பணக்காரர் டால்டன் கறுப்பர்களுக்காக வாரி வழங்குகிறவர், பையன்கள் கிளப்புக்கு டேபிள் டென்னிஸ் மேசை வாங்கிக் கொடுத்தவர். அந்த எலி அறைக்கு வாடகை வாங்குவதும் அவருடைய கம்பெனிதான். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சுட்டது. பிக்கரைப் பாவம் என்று சொல்லவும் ரைட் விடுவதில்லை. அவன் செய்கிற இரண்டு கொலையில் இரண்டாவது, அவனை நம்பி வந்த கறுப்புப் பெண்ணை. அந்தப் பெண் பெஸிக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

இன்னொரு கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த இரண்டு நாவலையுமே கடுமையாகச் சாடுகிறார். அளவுக்கு மீறிக் காட்டுகிற உருக்கம் நேர்மையின்மையின் அடையாளம் என்பது அவர் கட்சி. பாதி ஒத்துக்கொள்கிறேன். ஸ்டோவ் வரவழைத்த கண்ணீர் அடிமைமுறையை எதிர்த்தவர்களுக்குப் பலம் சேர்த்தது என்பதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் என் தாயார் யாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டியிராத புத்தகம் எனக்கு ரைட்டுடையதுதான்.

80 ரூபாய் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை.

அடிமைமுறையைப் பற்றி டோனி மாரிசன் எழுதிய நாவல் ‘பிலவ்ட்’ ஒரு பிரதி இப்போது இருக்கிறது, அட்டை கிழிந்தது. போகிறவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் போய்விடுங்கள். அந்தத் தெருவில் தண்ணீர் ஏறினால் கீழ்த்தட்டுக்குத்தான் முதலில் வரும்.